பூம் எப்ப கேக்கும்?

நிறுத்திவைத்த விமான மாடலின் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் எங்கள் விண்ட் டனல் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் ஓட்டம் முடிந்ததும் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "சார், மாக் 2 வந்துடுச்சு. பூம் எப்ப கேக்கும்?" மாக் 2 என்றால் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம்; பூம் என்பது ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம் எழுப்பும் முழக்கம்.

கேட்காது. காற்று பாயும் இரைச்சல் காதைப் பிளக்கும். காதுக்கவசம் இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் 'டமால்' என்ற அந்த முழக்கம் மட்டும் வராது. ஏன் என்று விளக்க நான் பலகையில் எதுவும் எழுதுவதில்லை. ஷ்லீரன் திரையின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்துவேன்.

காற்றின் அடர்த்தி மாறும் இடங்களைக் கண்ணுக்குக் காட்டும் அமைப்பு அது. இரண்டு குழியாடிகள், ஒரு விளக்கு, ஒளி குவியும் இடத்தில் ஒரு கத்திமுனை. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் யோசனைப்படி பீட்டர் சால்ச்சர் 1886-இல், பாயும் தோட்டாவின் முன்னால் நிற்கும் அலையைப் படம்பிடித்ததும் இந்த முறையில்தான். எங்கள் திரையில் மாடலின் மூக்கிலிருந்து கருங்கோடுகள் சாய்வாகப் பின்னோக்கி விரியும். மிக மெல்லிய முனையானால் மாக் 2-இல் அந்தச் சாய்வு 30 பாகை. காற்று ஒரே சீராகப் பாயும்வரை அவை அங்கேயே நிற்கும்.

அவைதான் அதிர்வலைகள். ஒரு பொருள் காற்றில் உண்டாக்கும் சிறு அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில்தான் பரவும். எதிர்க்காற்று அதைவிட விரைவாக வந்தால், அந்த மாற்றம் முன்னே செல்ல வழியில்லை. காற்று விலக நேரமில்லாமல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஓர் அடுக்கில் அழுத்தமும் வெப்பமும் அடர்த்தியும் சட்டென எகிறுகின்றன. பறக்கும் விமானத்திலும் இதே கோடுகள், மீயொலி வேகம், அதாவது ஒலியை மிஞ்சிய வேகம், இருக்கும்வரை கூடவே போகின்றன. தரையில் நிற்பவரைக் கோடு கடக்கும் கணத்தில் அவருக்கு முழக்கம். பத்து கிலோமீட்டர் அப்பால் நிற்பவருக்குச் சற்றுப் பின்னால் அதே முழக்கம். கூடவே போகும் விமானிக்குக் கேட்பதில்லை. மாடலோடு நிற்கும் எங்களுக்கும் அப்படித்தான்.

ஆகவே ஒலிவேகத்தைத் தாண்டும் நொடியில் ஒரே ஒருமுறை எழுந்து அடங்கும் சத்தம் அல்ல இது. தாண்டும் நொடியின் தொல்லை வேறு. 1940-களில் செங்குத்தாகப் பாய்ந்த போர்விமானங்களின் இறக்கைமேல் அதிர்வலை உருவாகி, வால் சுக்கான் பிடிக்குக் கட்டுப்படாமல் போனது. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06-ஐ எட்டியபோது, கிடைவால் முழுவதையும் அசைக்க முடிந்தது பெரிய துணை. எங்களுக்கும் அந்தக் கட்டம் உண்டு. டனலைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஓர் அதிர்வலை சோதனைப் பகுதியைக் கடந்து போகும், மாடல் உதறும். அந்த இரண்டு கணங்களிலும் நான் விசையளவுகளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாக் 2-இல் பாயும் காற்று மைனஸ் 100 பாகை செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்துவிடும். அதனால் டனலில் பாய்ச்சும் காற்றை உலர்த்திய பிறகே தொட்டியில் அடைக்கிறோம். ஈரம் இருந்தால் ஜன்னல் வழியே வெறும் மூட்டம்தான் தெரியும். போர்விமானத்தைச் சுற்றி வெண்கூம்பாகத் தெரிவதும் குளிர்ந்த ஈரமே. ஒலிவேகத்துக்குக் கீழேயும் அது உண்டாகும்.

மாடலுக்கு அருகே மூக்கு, இறக்கை, வால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோடு. தொலைவு கூடக்கூட வலுத்தவை மற்றவற்றை எட்டிப் பிடித்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் தரையில் பல நேரம் இரட்டை முழக்கம். கான்கார்ட் என்ற பழைய மீயொலிப் பயணிகள் விமானத்தின் முழக்கத்தில் அழுத்த உயர்வு சுமார் 90 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது ஏறும் வேகம்தான் ஜன்னலை அதிரவைத்து ஆளைத் திடுக்கிட வைக்கிறது.

அப்படியானால் கோடுகள் சேராதபடி விமானத்தின் உடலை வடித்தால்? என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மாடலுக்குச் சற்றுத் தள்ளி, நுண்துளைகள் வரிசையாக உள்ள சட்டம் ஒன்றைப் பொருத்தி அழுத்தத்தை அளப்போம். தரையை அடையும்போது அது எப்படி மாறியிருக்கும் என்பதைக் கணினி சொல்லும். மூக்கை மாற்றியமைத்த ஓர் எஃப்-5 விமானம், வடித்த அலை தரைவரை தாக்குப்பிடிக்கும் என்று 2003-இல் பறந்தே காட்டியது. 2025 அக்டோபரில் முதன்முறை பறந்த நாசாவின் எக்ஸ்-59 சுமார் 30 மீட்டர் நீளம்; அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மூக்குதான். முன்ஜன்னல்கூடக் கிடையாது, விமானி கேமரா வழியே பார்க்கிறார்.

1964-இல் ஓக்லஹோமா நகரின் மேல் ஆறு மாதங்கள் தினமும் முழக்கங்களை எழுப்பி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு மேல், இதோடு வாழ முடியாது என்றார்கள். 1973-இல் அமெரிக்கா நிலத்தின் மேல் பயணிகள் விமானங்கள் மீயொலியில் பறப்பதைத் தடுத்தது. எக்ஸ்-59-ஐயும் ஊர்களின் மேல் பறக்கவிட்டு மக்களிடமே கேட்பதுதான் நாசாவின் திட்டம். நான் ஆவலோடு காத்திருப்பது அந்தப் பதில்களுக்குத்தான். அடுத்த மாடலின் மூக்கை இன்னும் எவ்வளவு நீட்டலாம் என்பதை அவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.