மார்தோரானாவின் குனிந்த தூதர்கள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் நார்மானிய அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்தைக் காணவே முதலில் வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன், அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறு சில்லுகளைப் பதித்து உருவங்கள் அமைக்கும் மொசைக் வேலைப்பாட்டைக் கிட்டத்தில் நின்று நிதானமாகப் பார்க்க விரும்புபவருக்கு, பெல்லினி சதுக்கத்தில் உள்ள மார்தோரானா என்னும் சிறிய தேவாலயத்தையே நான் சொல்வேன்.

சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜருக்குக் கடற்படைத் தலைவராகவும் முதன்மை அமைச்சராகவும் இருந்த அந்தியோக்கியா ஜார்ஜ் கட்டிய கோயில் இது. அவர் இதற்கு மானியம் வழங்கிய சாசனம் 1143-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரண்மனைச் சிற்றாலயத்தின் குவிமாடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டும் அதுவே. அங்கே கிறிஸ்து மார்பளவில் மட்டும் காட்டப்பட்டிருக்க, அவரைச் சுற்றி எட்டு வானதூதர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். இங்கே குவிமாடம் மிகச் சிறியது. இருந்தும் கலைஞர்கள் கிறிஸ்துவை அரியணையில் வீற்றிருக்கும் முழு உருவமாகவே நடுவில் அமைத்துவிட்டதால், அதிதூதர்கள் நால்வருக்கும் நேராக நிற்க இடமில்லாமல் போய்விட்டது. தாழ்ந்த நிலைப்படியில் நுழைபவர் குனிவதுபோல், அவர்கள் இடுப்பை வளைத்து, கைகளை முன்னே நீட்டி, வட்டத்தின் விளிம்பிலேயே பணிந்து நிற்கிறார்கள். உடலமைப்பின் அளவுகள் சரியில்லை என்று குறை சொல்பவர்கள் இருக்கலாம். இடநெருக்கடியையே வணக்கமாக மாற்றிய அந்தச் சாமர்த்தியத்துக்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது.

பொன் பின்னணியின் மினுமினுப்புக்கும் காரணம் உண்டு. கண்ணாடித் துண்டின் மேல் தங்கத் தகட்டை ஒட்டி, அதன் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றைப் போர்த்திச் செய்யப்பட்ட இந்தச் சில்லுகளை, ஈரச் சாந்தில் ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் நகர நகர ஒளி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

குவிமாடத்தின் அடியில் ஓடும் மரச்சட்டத்தில் கிரேக்க வழிபாட்டுப் பாடல்கள் அரபு மொழியில் எழுதப்பட்டுள்ளன. தூதர்கள் பாடும் "தூயவர், தூயவர், தூயவர்" அவற்றுள் ஒன்று. ஜார்ஜ் ரோஜரிடம் வருவதற்கு முன் வட ஆப்பிரிக்காவின் மஹ்தியா நகரில் ஸிரித் என்னும் முஸ்லிம் அரச வம்சத்து ஆட்சியாளரிடம் பணிபுரிந்தவர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. கீழிருந்து, அதுவும் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கும்போது, அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிவதில்லை. முன்பே படித்துக்கொண்டு போவது நல்லது.

1184-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் இங்கு வந்த முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், பொன்னால் ஒளிர்ந்த சுவர்களை வியந்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்த கோயில் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் நடுப் பலிபீடப் பகுதியை இடித்து, அலங்காரம் மிகுந்த பரோக் பாணியில் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நான் அதிகம் பார்க்கவில்லை.

வெளியேறுமுன் வாசற்பக்கத்து இரண்டு மொசைக்குகளையும் தவறவிடக் கூடாது. ஒன்றில் கிறிஸ்துவே ரோஜருக்கு முடிசூட்டுகிறார். மற்றொன்றில் மரியாளின் காலடியில் ஜார்ஜ் விழுந்து கிடக்கிறார். சிதைந்துபோன அவருடைய உடலைப் பிற்காலத்தில் யாரோ பழுதுபார்த்திருக்கிறார்கள். தலைக்கும் உடலுக்கும் சற்றும் பொருத்தமில்லை.