ரெட்வுட்டும் மர்லெட்டும்

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரம் 115 மீட்டர் வரை வளரும், 2000 வருஷம் வாழும். ஆனால் அதன் கூம்புக்காய் கட்டைவிரல் நுனி அளவுதான்! மார்பிள்ட் மர்லெட் என்ற கடற்பறவையோ மொத்தமே சுமார் 25 செ.மீ. கடலில் மீன் பிடித்துத் தின்னும். முட்டையிட மட்டும் காட்டுக்குள் பறந்து வரும். கூடு கட்டும் பழக்கமெல்லாம் கிடையாது. பழைய மரத்தின் அகலமான கிளையில், படர்ந்த பாசிமேல் ஒரே ஒரு முட்டை. அந்த இடம் கலிஃபோர்னியாவில் முதன்முதலில் கண்ணில் பட்டதே 1974இல்தான், அதுவும் மரம் ஏறிய தொழிலாளி ஒருவருக்கு. ரெட்வுட்டுக்கும் கடல் வேண்டும்: மழையில்லாத கோடையில் கடல் மூடுபனிதான் அதைத் தாங்குகிறது. அப்புறம், வெட்டினாலும் ரெட்வுட் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிடும். பறவைதான் பாவம், அந்தத் துளிர் அகலக் கிளை விடும்வரை எங்கே முட்டையிடும்?