சின்னப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளி ஆய்வகத்துக்குப் போன வழி

எங்கள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறைக்கென்று இருப்பது ஒரே ஒரு தளம். அதிலும் பாதியில் இயற்பியல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பொருளின் படிக அமைப்பை எக்ஸ் கதிர்களால் அறியும் எக்ஸ்ஆர்டி கருவி கிடையாது. பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் பலவற்றுக்குச் சந்தாவும் கிடையாது. இங்கிருந்துதான், கருவிகள் நிறைந்த வெளி ஆய்வகம் ஒன்றில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. ஜூனியர்கள் வழி கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பெரிய இடங்களில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். அமெரிக்காவின் எம்ஐடி 1969-லேயே இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் யூரோப் (UROP) திட்டத்தைத் தொடங்கிவிட்டது. எங்களிடம் அப்படிப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யும் ஆட்கள் இருந்தார்கள், வெவ்வேறு அறைகளில், வேறு பதவிப் பெயர்களில். வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிப்பவரிடம்தான் பழைய மாணவர்கள் பட்டியலும் இருந்தது. பரிமாற்றத் திட்டப் படிவங்களும் அவர் மேசைக்குத்தான் போகும். இணையதளத்தைத் துழாவினால் இது எதுவும் கிடைக்காது. யார் எதைக் கையில் வைத்திருக்கிறார் என்று எனக்குச் சொன்னவர் துறை அலுவலக உதவியாளர். எந்தத் துறையிலும் முதலில் அவரைப் பிடியுங்கள் என்பேன்.

வேலைவாய்ப்புப் பிரிவில் முதலில் கேட்ட தகவலே தேதியைப் பற்றியது. கோடைக்கால இடம் என்றால் கோடைக்குச் சற்று முன்பு விண்ணப்பிக்கலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கனடாவின் மிடாக்ஸ் குளோபலிங்க் போன்ற 12 வாரத் திட்டங்களுக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பம் முடிந்துவிடும். அவர் எனக்காகப் பழைய மாணவர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த அண்ணன் தான் போன ஆய்வகத்தைப் பற்றியும், அங்கே தேர்வு செய்பவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதைப் பற்றியும் நீளமாக எழுதி அனுப்பினார். மதிப்பெண்ணைவிட, ஒரு சிறு வேலையையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்திருக்கிறாயா என்றுதான் பார்ப்பார்களாம். அதன்பிறகு என் கவனம் முழுக்க அதில்தான்.

செய்வதற்கு முன் படிக்க வேண்டுமே. நூலகர் மேடத்திடம் போய், "இந்தக் கட்டுரை பூட்டியிருக்கு மேடம், வாங்க முடியுமா?" என்றேன். "உனக்கு இந்தக் கட்டுரையேதான் வேணுமா, இல்ல இதுக்குள்ள இருக்கிற செய்முறை வேணுமா?" என்று கேட்டார். செய்முறைதான் வேண்டும் என்றதும், அதே குழு முன்பு வெளியிட்ட திறந்த கட்டுரை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அன்பேவால் (Unpaywall) என்ற நீட்சியை உலாவியில் போட்டுவிட்டால், சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும் என்று அவர்தான் காட்டினார். அப்படியும் சிக்காததை இன்டர்லைப்ரரி லோன் மூலம் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்தார். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான டிஓஐ-யைச் சரியாகக் கொடுத்தால் கட்டுரை ஸ்கேனாகவே வந்து சேரும். புத்தகம் என்றால் திருப்பித் தர வேண்டிய தேதியை, அதைக் கடன் கொடுக்கும் நூலகம்தான் முடிவு செய்யும், நீட்டிப்பு கிடைக்கும் என்று நம்பக் கூடாது. மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஜோட்டெரோ போதும். 2006-லிருந்து இருக்கிற இலவச மென்பொருள். அதையும் அந்த மேசையிலேயே கற்றுக்கொண்டேன். பெரிய நூலகத்தில் ஒரு மாணவனுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவார்களா என்று தெரியவில்லை.

கருவிப் பிரச்சினையை வழிகாட்டிப் பேராசிரியர் தீர்த்தார். பல பல்கலைக்கழகங்களில் வெளியாரும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் பொதுக் கருவி மையங்கள் உண்டு. மாதிரியை நன்றாக அரைத்துப் பொடியாக்கி, பெயரும் எச்சரிக்கைக் குறிப்பும் ஒட்டி அனுப்ப வேண்டும். எந்தக் கோண எல்லையில் அளக்க வேண்டும் என்பதையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். என்னுடையதற்கு 10 முதல் 80 டிகிரி. கட்டணம் துறையின் சில்லறைச் செலவுக் கணக்கில் போனது. திரும்பி வந்த தரவை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரிஸ்டலோகிராபி ஓப்பன் டேட்டாபேஸில் உள்ள படிக அமைப்புகளோடு ஒப்பிட்டேன். கருவி இல்லாத இடத்தில் படித்ததால் மாதிரியைத் தயாரிப்பதிலிருந்து வரைபடத்தைப் படிப்பதுவரை எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. நேர்காணலில் அதுவே கை கொடுத்தது.

ரைட்டிங் சென்டர் என்று ஓர் அறை உண்டு. இலக்கணம் திருத்தித் தரும் இடம் என்று நினைத்துப் பலர் போகிறார்கள், ஏமாந்து திரும்புகிறார்கள். ஏன் இந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன் என்று எழுதிய என் நோக்க அறிக்கையை என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். சிறுவயது முதலே அறிவியல் ஆர்வம் என்ற முதல் பத்தியை வாசிக்கும்போது எனக்கே சலித்தது. அதை வெட்டிவிட்டு, அந்த எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் எதிர்பாராமல் தெரிந்த ஓர் உச்சியில் ஆரம்பித்தேன்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் சின்ன இடத்தின் பலம் தெரியும். இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் பாடம் எடுப்பவர் உங்கள் மதிப்பெண்ணைத்தான் எழுத முடியும். எங்கள் பேராசிரியருக்கு நான் எந்தச் சோதனையில் எங்கே தடுமாறினேன், அதிலிருந்து எப்படி மீண்டேன் என்பது வரை தெரியும். ஆனாலும் வெறும் கையோடு போய் நிற்கக் கூடாது. கெடுவுக்குச் சில வாரங்கள் முன்பே, தன்விவரம், நோக்க அறிக்கையின் வரைவு, அந்த ஆய்வகத்தைப் பற்றி நாலு வரி, கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடிதம் ஏற்றும் இணைப்பு நேராக அவருக்குத்தான் போகும், சிலசமயம் ஸ்பாமில் போய் உட்கார்ந்துவிடும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வது தொந்தரவு கொடுப்பதாகாது.

இதே சின்ன இடத்தில் சங்கடமும் உண்டு. உளவள ஆலோசகரும் உதவித்தொகைக் குழுவும் வேறு வேறு என்று நினைத்திருப்போம்; ஒரே ஆள் இரண்டிலும் இருக்கக்கூடும். நாம் பேசியது எங்கே போகும், யாருக்குச் சொல்லியாக வேண்டும் என்று முதல் அமர்விலேயே கேட்டுவிடலாம். குழுவில் அவர் இருந்தால் நம் விண்ணப்பம் வரும்போது விலகிக்கொள்வாரா என்றும் கேட்கலாம். நல்ல ஆலோசகர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை தேவைப்படுகிறவர்கள் மருத்துவச் சான்றைப் பருவத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. தேர்வு வாரத்தில் போனால் அறை ஒதுக்கக்கூட ஆள் கிடைக்காது.

இடம் கிடைத்த பிறகு பயணச் செலவு. மாணவர் நல அலுவலகத்தில் பயண உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. விண்ணப்பிக்க ஆள் வருவதே அபூர்வம் என்றார்கள். அழைப்புக் கடிதம், செலவு மதிப்பீடு, வழிகாட்டியின் கையெழுத்து, இவ்வளவுதான் கேட்டார்கள். சிக்கல் என்னவென்றால் பணம் பயணம் முடிந்து பில் கொடுத்த பிறகுதான் வரும். கையில் முதல் இல்லாதவர்கள் முன்பணம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தனியாக எழுதிக் கேட்க வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. நான் கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன், பாதித் தொகையை முன்னதாகவே தந்தார்கள். மீதிக்கு பயணச்சீட்டுகளையும் ஒரு பக்க அறிக்கையையும் கேட்பார்கள்; வெப்பக் காகிதத்தில் அச்சாகும் சீட்டுகள் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.