பயத்தை எப்படிக் கேட்பது?

கருத்துக்கணிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நாங்கள் முதலில் பேசுவது சுவிட்சர்லாந்தைப் பற்றித்தான். மசூதிகளில் மினாரட் எனப்படும் உயரமான கோபுரம் கட்டத் தடை வேண்டுமா என்று 2009 நவம்பர் 29 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுக்க இருந்தவையே நான்கு மினாரட்டுகள். கடைசிக் கணிப்பில் தடைக்கு ஆதரவு 37 சதவீதம். வாக்குகளை எண்ணினால் 57.5. மினாரட் உள்ள ஜெனீவா தடையை நிராகரித்தது. முஸ்லிம்கள் மிகக் குறைவான அப்பென்செல் இன்னர்ரோடன் கான்டனில் (கான்டன் என்பது அங்கே மாநிலம்) ஆதரவு 70 சதவீதத்தைத் தாண்டியது. ‘பழகினால் பயம் போய்விடும்’ என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்; இரண்டு மினாரட்டுகள் உள்ள சூரிச் கான்டனும் தடைக்கே வாக்களித்தது.

தடை கேட்டவர்களின் பிரச்சாரச் சுவரொட்டியில் தேசியக் கொடியைத் துளைத்துக்கொண்டு ஏவுகணை போன்ற கறுப்பு மினாரட்டுகள், பக்கத்தில் முகம் மூடிய பெண். கூலி, வேலை பற்றிய படம் எதுவும் இல்லை. பிழைப்பு போய்விடும் என்ற பயம் ஒன்று, ‘நம்ம ஊர் நம்ம ஊராக இருக்காது’ என்ற பயம் வேறொன்று. திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் பற்றிக் கேட்கும்போதும் இதே சிக்கல்தான். “அவர்களால் வேலையும் பண்பாடும் பாதிக்கப்படுகிறதா?” என்று ஒரே மூச்சில் கேட்டால், வரும் ‘ஆமாம்’ எதற்கென்று யாருக்கும் தெரியாது. ‘உங்கள் கூலி’, ‘ஊராரின் கூலி’ என்பதையும் பிரித்தே கேளுங்கள். தன் கூலி குறையாதவரும் ஊருக்காகப் பயப்படுவார்.

நேரடியாகக் கேட்டால் மரியாதையான பதில்தான் வரும். அதற்குப் பட்டியல் முறை உண்டு. ஆட்களைக் குலுக்கலில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நான்கு விஷயங்களையும், மற்றதற்கு அதே நான்கோடு ‘பக்கத்து வீட்டுக்கு வடமாநிலத்தவர் குடிவருவது’ என்பதையும் வாசிக்க வேண்டும். பிடிக்காதவை எவை என்று வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். சராசரி 2.1, 2.4 என்று வந்தால் வித்தியாசம் 0.3; அதாவது வடமாநிலத்தவர் குடிவருவது பிடிக்காதவர்கள் 30 சதவீதம். நான்குமே எல்லோருக்கும் எரிச்சலூட்டுபவையாக இருந்தால் ஆள் ‘ஐந்து’ என்று சொல்ல வேண்டிவரும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் யாருக்கும் தொந்தரவில்லாத ஒன்றையும் சேருங்கள். பிரிவுக்கு 200 பேரை வைத்து இதைச் செய்வது வீண். பிழை எல்லை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, இருபுறமும் 18 சதவீதப் புள்ளியை ஒட்டி நிற்கும், 1,000 பேர் என்றால்தான் 8 அளவுக்கு இறங்கும்.

திண்ணையில் நாலு பேர் கூடிவிட்டால் பேட்டியை நிறுத்த வேண்டியதில்லை. ‘பிறர் உடனிருந்தனர்’ என்று தாளில் குறித்துவிட்டு, கணக்கெடுக்கும்போது அந்தத் தாள்களைத் தனியே பாருங்கள்.