மூன்றாம் நம்பர் ரீட் எதனால் மூன்றாம் நம்பர் ஆகிறது?

பகலில் என் வேலையே அளப்பதுதான். கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். ஷாஃப்டின் விட்டம் சொன்னதை விட 0.02 மி.மீ. கூடினால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். மாலையில் கிளாரினெட். பதினோரு வருடமாக வாசிக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னை விடாமல் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரே பெட்டி, ஒரே நம்பர், பத்து ரீட் (கிளாரினெட்டின் ஊதுவாயில் பொருத்தும் நாணல் பட்டை). அதில் மூன்று எடுத்த எடுப்பில் பேசும், நான்கு சுமாராகப் பேசும், மீதி மூன்று வாயை வலிக்க வைக்கும். எல்லாவற்றின் அடியிலும் அச்சடித்திருப்பது 3 என்ற அதே எண். அந்த எண் எதை அளந்து போட்டது?

போன வருடக் கடைசியில், இணைய ஏலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய ரீட் கேஜ் வாங்கினேன். கனமான இரும்புத் தட்டு, அதன் மேல் ரீடைக் கிடத்திச் செங்குத்தாக நிற்கும் தடுப்பில் நகர்த்தும் ஏற்பாடு, மேலே ஒரு டயல். ரீடை நகர்த்தி நகர்த்தி எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்று படித்துக்கொள்ளலாம். இந்த வகையில் பேர்பெற்றது நியூயார்க் கிளாரினெட் கலைஞர் பென் அர்மாட்டோ உருவாக்கிய பெர்ஃபெக்டாரீட். என்னிடம் வந்தது அதே வழியில் யாரோ தன் பட்டறையில் தனக்காகச் செய்துகொண்டது. பெயரோ எண்ணோ இல்லை. தட்டில் ஊசியால் கீறிய கட்டக்கோடுகள் மட்டும் இருந்தன. அந்தக் கோடுகள் அவ்வளவு நேர்த்தி. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், எங்கேயும் பிசகவில்லை.

டயல்தான் மக்கர். முள் பாதியில் நின்று, தட்டினால்தான் நகர்ந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் ஸ்பிண்டிலுக்கு, அதாவது ரீடைத் தொட்டு ஏறி இறங்கும் தண்டுக்கு, எண்ணெய் விட்டிருக்கிறார்கள். டயல் கேஜ் ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் ஆகாது; நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிண்டிலை ஒயிட் பெட்ரோலில் மூன்று முறை கழுவி, துணியால் துடைத்து அப்படியே காய வைத்தேன். மறுநாள் முள் நீர் மாதிரி ஓடியது. டயல் அங்குலத்தில் இருந்தது, ஒரு பிரிவு ஒரு தவு, அதாவது 0.0254 மி.மீ. பட்டறையிலிருந்து கொண்டுவந்த 1.00 மி.மீ. ஸ்லிப் கேஜை (துல்லியமான அளவுக்கட்டையை) வைத்தால் 39-க்கும் 40-க்கும் இடையில் நின்றது. சரி, நம்பலாம்.

முதல் தவறு உடனே தெரிந்தது. அளந்து முடித்த ரீடை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நுனியில் குண்டூசித்தலை அளவுக்கு ஒரு குழி. டயலின் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறது என்று நகைக்கடை மின்தராசில் வைத்துப் பார்த்தேன்: 90 கிராம். எஃகுக்கு அது ஒன்றுமே இல்லை. நுனியில் 0.1 மி.மீ. தடிமன் உள்ள நாணல் பட்டைக்கு அது பெரிய சுமை. முனையில் இருந்த சின்னக் குண்டைக் கழற்றிவிட்டு 3 மி.மீ. குண்டு போட்டேன், இறக்கும்போது விரலால் தாங்கி மெல்ல இறக்கினேன். குழி நின்றது.

அப்புறம் நோட்டுப்புத்தகம். ஒரு ரீடுக்கு ஒன்பது இடங்கள்: நுனியிலிருந்து 1, 5, 10 மி.மீ. தூரத்தில் இடம், நடு, வலம். பத்து ரீடுக்குத் தொண்ணூறு அளவுகள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. இடது வலது வித்தியாசம் சில ரீடில் ஒரு தவு வரை இருந்தது. ஆனால் நடுவில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அதே மாடலில் இரண்டரை நம்பர் ஒரு பெட்டியும் மூன்றரை நம்பர் ஒரு பெட்டியும் வாங்கினேன். மூன்றரை தடிமனாக இருக்கும், இரண்டரை மெல்லிசாக இருக்கும் என்று உறுதியாக நம்பிக்கொண்டு அளந்தேன்.

நுனியிலிருந்து 5 மி.மீ.-ல், நடுவில்: இரண்டரைக்கு 0.34, மூன்றுக்கு 0.35, மூன்றரைக்கு 0.34. பத்து மி.மீ. தூரத்திலும் அதே கதை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று பெட்டியையும் கலக்கிப் போட்டால் இந்தக் கேஜால் பிரித்துத் தர முடியாது.

காரணம் பிறகுதான் புரிந்தது, புரிந்ததும் எவ்வளவு எளிமை என்று தோன்றியது. ஒரு மாடலில் எல்லா நம்பருக்கும் வெட்டு ஒன்றுதான். 1905-ல் பாரிஸில் தொடங்கிய ரீட் நிறுவனமான வாண்டோரன் தன் பழைய டிரெடிஷனல் வகைக்கு நுனி 0.09 மி.மீ., அடி 2.8 மி.மீ. என்று சொல்கிறது, வி12 வகைக்கு 0.10, 3.15. இரண்டரை வாங்கினாலும் நான்கு வாங்கினாலும் அந்த அளவுகள் மாறுவதில்லை. மாறுவது நாணல். தென்கிழக்கு பிரான்ஸில், மத்தியதரைக் கடலோரம் உள்ள வார் பகுதியில் விளையும் அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணலைத்தான் பெரும்பாலும் ரீடுக்கு எடுக்கிறார்கள். இரண்டு வருடம் வளர்ந்ததைப் பனிக்காலத்தில் வெட்டிக் காய வைப்பார்கள். ஒரே தண்டில் கூட நார் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வடிவில் சீவி முடித்த பிறகு, ஒவ்வொரு ரீடையும் இயந்திரத்தில் வளைத்துப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறதோ அதை வைத்து 2, 2½, 3 என்று பிரிக்கிறார்கள். நம்பர் என்பது சீவிய அளவு இல்லை, வளைத்துப் பார்த்த பிறகு வைத்த பெயர். ஒரு நிறுவனத்தின் மூன்றும் இன்னொரு நிறுவனத்தின் மூன்றும் ஒத்துப்போகாததற்கும் இதுவே காரணம். ஒவ்வொருவரும் தன் அளவுகோலில் கோடு போடுகிறார்கள்.

அப்படியென்றால் எனக்கு வேண்டியது வளைத்துப் பார்க்கும் கருவி.

உக்கடத்தில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினேன். மூன்றாவது சனிக்கிழமை ஒரு கடையில், நூற்பாலைக் கழிவுச் சாமான்களுக்கு நடுவே, துணியின் தடிமன் பார்க்கும் கேஜ் ஒன்று கிடந்தது. இதில் அழுத்துவது ஸ்பிரிங் இல்லை. ஸ்பிண்டிலின் தலையில் ஒரு தட்டு. அதில் எடையை வைத்தால், அந்த எடைதான் துணியை அழுத்தும். துணியும் காகிதமும் அழுத்தத்துக்குத் தகுந்தபடி அமுங்கும் என்பதால் இப்படிச் செய்வார்கள். ரீடுக்கும் இதே நியாயம்தானே. ஸ்பிரிங் போகப் போக விசை மாறும், எடை மாறாது.

“இதை எதுக்குங்க கேக்கறீங்க? ஓடாதுங்க அது” என்றார் கடைக்காரர். டயலில் கண்ணாடி இல்லை, முள் இருந்தது. இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தார்.

துணியை அழுத்தும் அகலப் பாதத்தைக் கழற்றிவிட்டு, லேத்தில் 2 மி.மீ. விட்டமுள்ள பித்தளைக் குச்சி ஒன்று கடைந்து, முனையை உருட்டிப் பொருத்தினேன். கீழே ரீட் உட்கார ஒரு பித்தளைப் பலகை. பலகையின் விளிம்பு ரீட் நுனியிலிருந்து சரியாக 18 மி.மீ.-ல் முடியும்படி செய்தேன். கிளாரினெட் மவுத்பீஸில் ரீட் வளையத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த இடத்திலிருந்துதான். அடிப்பக்கத்தை ஒரு பழைய லிகேச்சரின் (ரீடை மவுத்பீஸோடு சேர்த்து இறுக்கும் வளையத்தின்) பட்டையால் இறுக்கினேன். குச்சி தொடும் இடம் நுனியிலிருந்து 4 மி.மீ.

அளக்கும் முறையைச் சரிசெய்யத்தான் நேரம் பிடித்தது. வெறும் ஸ்பிண்டிலின் எடையே 40 கிராம் வந்தது. இறங்கும்போது ஒரு அளவு, தூக்கிவிட்டுத் திரும்ப இறக்கினால் வேறு அளவு. உள்ளே பல்சக்கர உராய்வு. கடைசியில் கைகொடுத்தது இதுதான்: வெறும் ஸ்பிண்டிலை முதலில் ரீட் மேல் இறக்கி, ஸ்டாண்டைப் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டி, அந்த இடத்தை பூஜ்யமாக வைத்துக்கொள்வது. அதன் மேல் தட்டான் வைத்திருக்கும் 100 கிராம் பித்தளைப் படியை வைத்து, திரும்ப இரண்டு தட்டு. முள் எவ்வளவு நகர்ந்ததோ அதுதான் அந்த ரீடின் வளைவு. ஒரே ரீடை ஐந்து முறை எடுத்துப் பார்த்தேன். அதிகபட்ச வித்தியாசம் 0.01 மி.மீ. அந்த ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

இப்போது மூன்று பெட்டிகளும் பிரிந்தன. இரண்டரை நம்பர் 0.37-லிருந்து 0.46 வரை வளைந்தது. மூன்று 0.32-லிருந்து 0.41. மூன்றரை 0.28-லிருந்து 0.35. எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதைப் பாருங்கள். மூன்றாம் நம்பர் பெட்டியில் இருந்த மிக இளகிய ரீட், இரண்டரைப் பெட்டியின் பாதி ரீடுகளை விட இளகியது. என் வாய் இத்தனை வருடம் சொன்னது பொய்யில்லை.

ஆனாலும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. எங்கள் ஊர் பேண்டில் நாற்பது வருடம் கிளாரினெட் வாசித்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாம் நம்பர் பத்து ரீடையும் அடியில் ஒன்று முதல் பத்து வரை எழுதி, என் அளவுகளைக் காட்டாமல் அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் நாக்கில் ஊறவைத்து, கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் நீட்டி, மேலே ஒரு சங்கதி. இளகியதிலிருந்து விறைப்பானது வரை மேஜையில் வரிசையாக வைத்தார். என் வரிசையோடு எட்டு ரீட் ஒத்துப்போனது, அல்லது ஓரிடம் தள்ளி இருந்தது. ஏழாம் ரீட் மட்டும் நடுவில் இருக்கவேண்டியது கடைசிக்குப் போயிருந்தது. நான்காம் ரீட் இரண்டு இடம் தள்ளி. அது ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.

“மாஸ்டர், ஏழு அவ்வளவு விறைப்பா?”

“விறைப்புன்னு இல்ல தம்பி. ஒரு பக்கமாத்தான் பேசுது. வாயை இந்தப் பக்கம் திருப்பிக் கடிச்சா வருது, நேரா வெச்சா முட்டுது.”

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஏழாம் ரீட், நுனியிலிருந்து 5 மி.மீ.: இடது 0.26, வலது 0.29. வளைவுக் கேஜில் நடுவில் மட்டும் அழுத்தியதால் இது தெரியாமல் போயிருக்கிறது. குச்சியை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்துத் திரும்ப அளந்தேன். இடது 0.43, வலது 0.34. தடிமனில் 0.03 மி.மீ. என்பது பார்வைக்குச் சின்னது. ஆனால் ஒரு பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். தடிமன் பத்து சதவீதம் குறைந்தால் விறைப்பு கால்பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் ரீடில் ஒரு சீவல் கூடிப்போனால் திரும்ப எடுக்க முடிவதில்லை.

இங்கேதான் இரண்டு கருவியும் ஒன்றுக்கொன்று துணையானது. எவ்வளவு விறைப்பு என்பதைத் துணிக் கேஜ் சொல்கிறது. எந்த இடத்தில் சீவ வேண்டும் என்பதை அமெரிக்கக் கேஜ் சொல்கிறது. கண்ணாடிப் பலகை மேல் ரீடைப் படுக்க வைத்து, 600 நம்பர் எமரித் தாளை விரல்நுனி அளவு மடித்து, வலது பக்கம் மட்டும் நான்கு இழுப்பு. அளவு. இன்னும் நான்கு. அளவு. மூன்றாவது தடவை வலது பக்கம் 0.27-க்கு வந்ததும் நிறுத்தினேன். வளைவு இடது 0.43, வலது 0.41. மேலைநாட்டுப் பழைய கிளாரினெட்காரர்கள் இதற்கு ஹார்ஸ்டெயில் என்ற செடியின் சொரசொரப்பான தண்டை உலர்த்தி வைத்துத் தேய்ப்பார்கள். அது நாரைக் கிழிக்காமல் மெதுவாக எடுக்கும் என்கிறார்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஈரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள வளைவு அளவுகள் எல்லாம் காய்ந்த ரீடில், பட்டறையின் 20 டிகிரி குளிர்பதன அறையில் எடுத்தவை. அதே ரீடை இரண்டு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் 0.36 என்பது 0.42 ஆகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரத் தொடங்கியதும் வீட்டில் எடுத்த அளவுகள் எல்லாம் மெல்ல ஏறின. முதலில் கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்து, ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை வெட்டி ரீட் இடத்தில் வைத்து அளந்தேன். அது நகரவே இல்லை. அன்றிலிருந்து அந்த எஃகுப் பட்டைதான் என் ஆதார ரீட். ஒவ்வொரு முறையும் முதலில் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாணலுக்குப் போகிறேன்.

நாயனக்காரர்கள் சீவாளியை வாயில் ஊறவைத்து, விரலால் அமுக்கித் திறப்பைச் சரிசெய்வதைச் சின்ன வயதில் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டயலும் எடையும் இல்லாமல் அந்த விரல் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. சீவாளியை இந்தப் பலகையில் அளக்க முடியாது. அது இரட்டை நாக்கு, வேறு பிடிமானம் செய்யவேண்டும். அதற்கான படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஏழாம் ரீடை ஊறவைத்து மறுபடி மாஸ்டரிடம் கொண்டுபோனேன். வாயை நேராக வைத்து மோகனத்தில் ஆரோகணம் போனார், மேல் ஸட்ஜத்தில் நிறுத்தினார். ரீடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் திருப்பித் தரவில்லை; தன் டப்பாவில் வைத்துக்கொண்டார்.