பூட்டனாரின் கோப்பு

எங்கள் பூட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கையின் கண்டிச்சீமைக்கு வந்தவர் என்பதற்கு மேல் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது. அவர் பிறந்த கிராமத்தையும் பெற்றோர் பெயரையும் எனக்குக் காட்டிக்கொடுத்தது, அவருக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று முடிவெழுதிய அரசாங்கக் கோப்புத்தான்.

தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மற்றவர் பத்து ஆண்டுகளும், அதன் பின்னர் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் இலங்கையில் இடையறாது வசித்ததை நிரூபித்தால் பிரஜையாகப் பதிவு பெறலாம் என்றது அது. இடையில் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இலங்கையை விட்டு இந்தியாவில், ஊரில் தங்கியிருந்தால் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பிக்கும் அவகாசம் 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதியோடு முடிந்தது.

பெயரை வைத்துத் தேடத் தொடங்கியது என் முதற் பிழை. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர்களின் கைவண்ணத்தில், பூட்டனாரின் பெயர் ஒரே கோப்புக்குள் மூன்று விதமாக இருக்கிறது. தோட்டத்தை வைத்துத் தேடலாமென்றால், அப்பாயி சொன்னது தொழிலாளர் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர்; பதிவேட்டில் இருந்ததோ துரைமார் வைத்த ஸ்கொட்லாந்துப் பெயர். இரண்டும் ஒன்றே என்று ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் சொன்ன பிறகுதான் கோப்பு அகப்பட்டது.

நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள். பிள்ளைகளின் பட்டியலில் ஒன்பது வயதுச் சிறுமியாக அப்பாயி இருக்கிறார். அதன் பின்னே தோட்டத்துச் செக்ரோலின், அதாவது வேலைநாள் பதிவேட்டின், பிரதி: மாதந்தோறும் பேர் விழுந்த நாட்கள் 24, 26, 22 என்று ஒழுங்காக ஓடி, 1946 நடுவில் நின்று, பதினான்கு மாதங்கள் வெறுமையாகக் கிடந்து, மறுபடி தொடங்குகின்றன. விசாரணையில் பூட்டனார், தாயார் படுக்கையில் விழுந்ததால் போனதாகவும், காரியம் முடித்து அதற்கு வாங்கிய கடனை அடைத்துத் திரும்ப அத்தனை காலம் ஆனதாகவும் சொல்லியிருக்கிறார். அடுத்த தாளில், இரண்டே வரிகளில் நிராகரிப்பு.

ஏற்றுக்கொண்டிருந்தால் அவரை இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தாயாரின் பெயரும், கிராமமும், கடன் கொடுத்தவரின் உறவுமுறையும் தாளில் ஏறியிருக்கவும் மாட்டா. இதை நினைத்து மகிழ்வதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பாயிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

விண்ணப்பத்தின் அடியில் நீல மையில் ஓர் இடது பெருவிரல் ரேகை உண்டு. அதன் குறுக்கே மை படாத மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவதை, பிரதியெடுத்தபோது விழுந்த பழுது என்றே நான் எண்ணியிருந்தேன். அப்பாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கவ்வாத்துக் கத்தி வெட்டுனதுடா அது" என்றார்.