எண்ணிக்கை பூஜ்யமா, ஒன்றா?

பொழுதுபோக்காக எழுதிவரும் குட்டி கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) நேற்று ராத்திரி மறுபடி எடுத்தேன். ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் வகைக்கானது, 64 பிட். ஓடுவது க்யூஎமுவில், அதாவது கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில். சாதாரண பில்டு சத்தமில்லாமல் முடிந்தது. பிழை தேட உதவும் டீபக்கைப் போட்டு மேக் (பில்டு செய்யும் கட்டளை) கொடுத்தால், ஒரு மெமரி பக்கத்தின் விவரங்களை வைத்திருக்கும் பேஜ் ஸ்ட்ரக்டில் 'கவுன்ட்' என்று எதுவுமே இல்லை என்கிறது கம்பைலர்.

தப்பு என்னுடையதுதான். ஒரு பக்கத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை அது. போன வாரம் அந்தப் பெயரை 'ரெஃப்ஸ்' என்று மாற்றினேன். விட்டுப்போன இடங்களையெல்லாம் கம்பைலரே காட்டிக்கொடுத்தது, ஒன்றைத் தவிர. பக்கத்தை விடுவிக்கும் ஃபங்ஷனுக்குள் ஓர் அசெர்ட் இருந்தது, அதாவது நிபந்தனை பொய்யானால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வரி. டீபக் இல்லாத பில்டில் கம்பைலுக்கு முன் கோடாக விரியவேண்டிய என் அசெர்ட் மேக்ரோ வெறும் காலி. அடைப்புக்குள் என்ன குப்பை இருந்தாலும் கம்பைலர் கண்ணில் படாது.

சரி, பெயரைத் திருத்தினேன். கம்பைல் ஆனது. பூட் ஆகும்போதே பேனிக், கெர்னல் அப்படியே நின்றுவிட்டது! கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் ஒன்று கடந்தது, இன்னொன்றும் கடந்தது, நான் அதே வரியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வியாசர்பாடி நண்பன் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பொட்டலத்தோடு வந்து நின்றான். சி மொழி அவனுக்கு அரைகுறைதான். எட்டிப் பார்த்துவிட்டு, "கழிச்சதுக்கு முன்னாடி கேக்குறியா, அப்புறம் கேக்குறியா மச்சான்?" என்றான். அவ்வளவுதான், பிடிபட்டது. பழைய கோடில் எண்ணிக்கை 1தானா என்று பார்த்துவிட்டு நேராக ஃப்ரீ லிஸ்ட்டில், காலிப் பக்கங்களின் பட்டியலில், சேர்ப்பேன். ஒரே பக்கத்தை இரண்டு ப்ராசஸ் (ஓடும் நிரல்) பகிரட்டும் என்று மாற்றியபோது, முதலில் ஒன்றைக் கழிப்பது, பூஜ்யமானால் மட்டும் சேர்ப்பது என்று ஆக்கியிருந்தேன். அசெர்ட் மட்டும் கழித்த பிறகும் 1 எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, கழிப்பதற்கு முந்தைய வரியில் 'ரெஃப்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரிதா' என்று போட்டேன். ஷெல் வரை வந்துவிட்டது.

மேக்ரோவையும் விடவில்லை. லினக்ஸ் கெர்னலில் விஎம்_பக்_ஆன் என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. மெமரி டீபக் அணைந்திருந்தாலும் அது காலியாகாது. நிபந்தனையை, எத்தனை பைட் என்று மட்டும் சொல்லும் சைஸ்ஆஃபுக்குள் தள்ளிவிடும். சைஸ்ஆஃப் அதை ஓட்டிப் பார்க்காது, ஆனால் பெயரும் டைப்பும் சரியாக இருந்தே ஆகவேண்டும். மெஷின் கோடு ஒரு பைட்கூட அதிகமாகாது. அதையே என் அசெர்ட்டுக்கும் வைத்தேன். சோதிக்க வேண்டுமென்றே 'கவுன்ட்' என்று எழுதினேன். இந்த முறை சாதாரண பில்டே கத்தியது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அத்தோ ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டுவிட்டு, மெமரி தீர்ந்துபோகும் நிலையில் ஃபோர்க் செய்து, அதாவது ஒரு ப்ராசஸை நகலெடுத்து, பார்த்தேன். புது அசெர்ட் உடனே பிடித்தது: ஒரே 4096 பைட் பக்கத்தை ஃபோர்க்கின் தோல்வி வழி ஒரு முறையும், ப்ராசஸைக் கலைக்கும் ஃபங்ஷன் இன்னொரு முறையும் விடுவிக்கின்றன. முன்பு இது பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்து, குறியில்லாத 32 பிட் எண்ணின் உச்சமான 4294967295 ஆகி, சத்தமில்லாமல் போயிருக்கும். இன்றைக்கு ராத்திரி வேலை அதுதான்.